பக்தியும் பண்பும்: ஒரு விடுதிக் காப்பாளனின் நினைவுகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் மாணவரின் பக்தியையும் பண்பையும் வளர்த்தல்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நெல்லைச் சீமையிலுள்ள ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாகவும், அவற்றுள் பதினோராண்டுகள் மாணவர் விடுதிக் காப்பாளனாகவும் இருந்தவன் என்பதைத் தவிர, இப்பொருளில் பேச எனக்கு வேறு தகுதி இல்லை. இலக்கிய வட்டத்திற்கும் இப்பொருளுக்கும் என்ன உறவு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. சங்க நூல்களில் ஒன்றான கலித்தொகையை 1887இல் அச்சேற்றித் தந்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். அவர் பயின்ற இடம் ஒரு கிறிஸ்தவப் பள்ளிதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஒரு செமினரியை நிறுவினார்கள். டானியல் பூவர் என்பார் அதன் முதல் தலைவர். ஆங்கிலம், கணிதம், வானநூல் ஆகியவற்றோடு தமிழிலக்கணமும் இலக்கியமும் அங்கே முறையாகக் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகள் விடுதியிலேயே தங்கினர். உணவும் உடையும் மிஷன் தந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டவரின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களைத் தமிழிலக்கிய வரலாற்றில் படித்திருப்பீர்கள். அப்பெயர்களின் முற்பகுதி கடல் கடந்து வந்தது அவ்வாறுதான். சோறு போட்டவரின் பெயரை வாழ்நாள் முழுதும் சுமப்பது என்பது சிறிய காரியம் அன்று. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

அந்தச் செமினரி தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’ இதழை நடத்தியவர்களில் அங்குப் படித்தவர்கள் இருந்தார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ இன்றும் நமக்குப் பயன்படுகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில், 1857இல், வெற்றி பெற்ற இருவரும் அந்தச் செமினரியின் மாணவர்களே: கறல் விசுவநாதபிள்ளையும் தாமோதரம் பிள்ளையும்.

ஆனால் அவ்விருவரும் பட்டம் பெறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே செமினரி மூடப்பட்டுவிட்டது. 1855இல் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த குழுவினர், பிள்ளைகள் ஆங்கிலத்திற்காகவும் அரசு உத்தியோகத்திற்காகவுமே வருகின்றனர், விசுவாசத்திற்காக அன்று என்று கண்டு வருந்தினார்கள். செலவிட்ட பணத்திற்கும் உழைப்பிற்கும் ஈடான கிறிஸ்தவர்கள் உருவாகவில்லை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யென்று சொல்ல முடியாது. தாமோதரம் பிள்ளை, விசுவநாதபிள்ளை இருவருமே பிற்காலத்தில் சைவத்திற்குத் திரும்பியவர்கள். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் கற்று, அங்கேயே கற்பித்து, பீற்றர் பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரோ 1848இல் அதை விட்டு வெளியேறி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பள்ளிகளில் தாம் கண்ட வகுப்பு ஒழுங்கையும், பாலபாடம் என்னும் படிப்படியான வாசிப்பு முறையையும், வினாவிடை வடிவையும் அவர் சைவத்திற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இதைத் தோல்வி என்பதா? என் சபையைச் சேர்ந்த முதியவர்கள் தோல்வி என்றே சொல்வார்கள். பழஞ்சுவடிகளைத் தேடி அலைந்து, கண்ணும் பொருளும் தேய உழைத்து, ஏடு சொல்வதை மாற்றாமல் தருவேன் என்று நின்ற அந்த உழைப்பின் நாணயத்தைத் தாமோதரம் பிள்ளை எங்கே கற்றார் என்று நான் அவர்களைக் கேட்பதுண்டு. விடை கிடைத்ததில்லை. முழுவதும் அந்தப் பள்ளி தந்தது என்று நானும் சாதிக்க மாட்டேன். வீடு தந்தது, ஊர் தந்தது, பிறவியிலேயே இருந்தது என்றும் சொல்லலாம்.

செமினரி மூடப்பட்டதை ஊரார் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய மாணவர்களும் ஊராரும் விடாது முயன்றதன் பயனாக 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

சென்னையிலும் இதே போராட்டம் நடந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் அங்கே தொடங்கிய பள்ளியில் 1841இல் சில மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, பெற்றோர்கள் கூட்டங்கூட்டமாகத் தம் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1862இல் அங்கு வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் வேறு வழி கண்டார். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எண்ணுவது கல்விக்கூடத்தின் வேலை அன்று. மாவில் புளிப்பு பரவுவதுபோல் நல்லெண்ணம் சமுதாயத்தில் பரவினால் போதும் என்பது அவர் கொள்கை. அதைக் கண்டித்தவர்களும் பலர் உண்டு. புளிப்பு பரவியதா என்பதை எந்த மாவைத் தொட்டுப் பார்த்து அறிவது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எந்த மாணவனையும் அவன் சம்மதமின்றி, அவன் சிறுவனாயின் பெற்றோர் சம்மதமின்றி, சமய போதனைக்கோ வழிபாட்டிற்கோ கட்டாயப்படுத்தக்கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவேதான் எங்கள் பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம் என்றும், மற்றவர்களுக்கு நீதிபோதனை என்றும் ஒரே மணி நேரத்தில் இரு வகுப்புகள் நடைபெறும். நான் இரண்டையும் நடத்தியிருக்கின்றேன். உண்மையைச் சொன்னால், நீதிபோதனை வகுப்பே எனக்குக் கடினமாக இருந்தது. வேதபாடத்தில் பிள்ளைகளுக்கு விடை முன்கூட்டியே தெரியும். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் ஆயிற்றே! நீதிபோதனையிலோ பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “ஐயா, உண்மை பேசினா அடி விழுதே, என்ன செய்ய?” என்று கேட்பான்.

பண்பு வகுப்பில் வளர்வதில்லை என்பதை விடுதியில்தான் கற்றுக்கொண்டேன். காலை ஐந்தரைக்கு மணி, ஆறு மணிக்கு ஜெபம், பின்னர்த் துடைப்பம். யார் கழிவறையைக் கழுவுவது என்பதை எழுதித் தொங்கவிட்ட அட்டவணையே என் பதினோராண்டுப் பணியின் பெரிய போராட்டம். நான் பொறுப்பேற்றபோது அந்த வேலை எப்போதும் குறிப்பிட்ட சில பிள்ளைகளின் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே பாட்டைப் பாடி, ஒரே ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்தவர்கள்தாம். நான் பெயர்களை அகரவரிசைப்படி மாற்றி எழுதினேன். மூன்றாம் நாளே இரண்டு தகப்பன்மார் வந்தார்கள். இருவரும் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்பவர்கள். “எங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினோம், பீ அள்ள அனுப்பவில்லை” என்றார்கள். முதல் வாரம் முழுவதும் நானே வாளியும் துடைப்பமும் எடுத்தேன். இரண்டாம் வாரம் அட்டவணை நின்றது. பிள்ளைகளில் ஒருவன் மட்டும் விடுதியை விட்டுப் போய்விட்டான். கிறிஸ்தவப் பள்ளி என்ற பெயர்ப்பலகை சாதியை வாசலிலேயே நிறுத்திவிடும் என்று எண்ணுபவர்கள் ஒரு வாரம் விடுதியில் தங்கிப் பார்க்கவேண்டும்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

1983ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். தகப்பன் இல்லை, தாய் பீடி சுற்றிப் பிழைப்பவர். இந்துக் குடும்பம். நன்றாகப் படிப்பான், அதைவிட நன்றாகப் பாடுவான். விடுதிக் கட்டணம் மாதம் 60 ரூபாய். சபைக் குருவின் சிபாரிசுக் கடிதம் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு அதில் பாதி தள்ளுபடி என்பது எங்கள் நிருவாகத்தின் விதி. ஜூலை மாதத்தில் தள்ளுபடிப் பட்டியல் தயாராகும். அவ்வாண்டு ஜூன் இறுதியில், மாலை ஜெபம் முடிந்தபின் அவன் என் அறை வாசலில் வந்து நின்று, “ஐயா, நான் ஞானஸ்நானம் எடுக்கணும்” என்றான்.

நான் மகிழ்ந்தேன். மறைக்க விரும்பவில்லை, மிகவும் மகிழ்ந்தேன். பத்து நாள் அவனுக்கு மாலையில் தனியாக ஆயத்தப் பாடம் நடத்தினேன். முறைப்படி தாயின் சம்மதம் வேண்டும் என்று ஆளனுப்பினேன். அந்த அம்மாள் ஒரு சனிக்கிழமை வந்தார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. நான் விவரமாக எடுத்துச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “எந்தச் சாமியா இருந்தா என்னய்யா? பிள்ளை வயிறு காயாம இருந்தாச் சரி. துட்டுக் குறையுமில்லா?” என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. வட்டுக்கோட்டை நினைவுக்கு வந்தது. சோறு தந்தவரின் பெயரைச் சுமக்க வைத்த அந்தப் பழைய வழக்கம் என் விடுதியில் வேறு உருவில் நடப்பதாக உணர்ந்தேன். மறுநாள் பையனை அழைத்து, “இப்போது வேண்டாம். நீ படித்து முடித்து, சொந்தக் காலில் நின்ற பிறகு வந்து கேள். அதுவரை உன் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாதே” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். நானும் உடன்பணியாற்றிய இரு ஆசிரியர்களும் மாதம் பத்துப் பத்து ரூபாய் போட்டு அந்தப் பாதியைக் கட்டினோம். அது எங்கிருந்து வருகின்றதென்று அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

நிருவாகத்தில் இருந்த ஒரு பெரியவருக்குச் செய்தி எட்டியது. “ஓர் ஆத்துமா கதவைத் தட்டியது, நீர் தாழ்ப்பாளைப் போட்டீர்” என்றார். நான் அவரோடு வாதிட்டேன். தள்ளுபடியை வறுமை பார்த்துக் கொடுங்கள், கடிதம் பார்த்துக் கொடுக்காதீர்கள் என்று எழுத்தில் விண்ணப்பித்தேன். முதலாண்டு மறுத்தார்கள், இரண்டாமாண்டு மறுமொழியே இல்லை. நான் விடுதிப் பொறுப்பை விட்டபோதும் விதி அப்படியேதான் இருந்தது. ஆயினும் என் மனம் அமைதியாக இருந்தது. விசுவாசத்தை விலைக்கு வாங்காமல் காத்தவன் என்று, உங்களிடம் சொல்வதற்கென்ன, சற்றே பெருமையும் இருந்தது. அந்தப் பையன் பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுப் போனான். ஞானஸ்நானம் பற்றி மீண்டும் பேசவில்லை. நான் நினைத்தது சரியாயிற்று என்று கொண்டேன்.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, 2011இல், என் மனைவி இறந்தபோது அவன் வந்திருந்தான். நாற்பது வயதைத் தாண்டிய மனிதன், நெற்றியில் திருநீறு. வீட்டு முற்றத்தில் அடக்க ஆராதனை நடந்தபோது பின்னால் நின்று, புத்தகம் இல்லாமலே எல்லாப் பாட்டையும் பாடினான். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்து என் அருகில் அமர்ந்தான். பழைய கதைகள் பேசினோம். அந்த மாதக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்பது அப்போதே தனக்குத் தெரியும் என்றான். விடுதிச் சமையற்காரர் சொல்லியிருக்கின்றார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் சொன்னதை அப்படியே சொல்கின்றேன்:

“ஐயா, அன்னைக்கு அம்மா சொன்னது அம்மாவோட கவலை. நான் கேட்டது எனக்காக. தள்ளுபடி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அப்பம் தெரியாது. சோத்துக்காகக் கேட்டேன்னு நீங்க நெனச்சுட்டீங்கன்னு மறுநாளே புரிஞ்சுது. அப்புறம் எப்படியா திரும்பக் கேக்க?”

அவன் குரலில் குறை இல்லை. காப்பி ஆறிப்போகின்றது, குடியுங்கள் என்றுகூடச் சொன்னான்.

ஏழைப் பிள்ளை கேட்டால் வயிற்றுக்காகத்தான் கேட்பான் என்று நான் எண்ணியதும், ஏழைப் பிள்ளைக்குச் சலுகை காட்டினால் விசுவாசம் வரும் என்று நிருவாகம் எண்ணியதும் எவ்வளவு தூரம் வேறானவை என்று அன்றிலிருந்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதே நிலை மீண்டும் வந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. தாயின் சொல்லைக் கேட்ட பிறகு, அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, “நீ ஏன் கேட்கின்றாய்?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பத்து நாள் ஆயத்தப் பாடம் நடத்திய நான் அதைக் கேட்கவில்லை.

அவன் இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு வருகின்றான். பொங்கலுக்கு என் மகன் அவன் வீட்டிற்குப் போய் வருகின்றான். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் மறுபடி எடுக்கவில்லை.