சட்ட மாணவர் கையில் எழுதுகோல்

(சட்ட மாணவர் தமிழ்மன்றத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

சட்டம் இயற்றுவோர் சட்டமன்றத்தில் உளர். அதற்குப் பொருள் காண்போர் நயன்மன்றத்தில் உளர். அவ்விருவர் செயலையும் ஆராய்ந்து, குற்றங் கண்டவிடத்துக் குற்றமென்று எழுதுவோர் யாவர்? இவ்வினாவிற்கு அமெரிக்க மாணவர்கள் கண்ட விடை துணிவானது. மாணவரே ஆராய்க; மாணவரே பதிப்பிக்க என்பதே அவ்விடை.

1887-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் ஓர் ஆய்விதழைத் தொடங்கினர். கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்போரும், மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒத்துப் பார்ப்போரும், பிழை களைவோரும் மாணவரே. பேராசிரியர் எழுத்தாயினும் மாணவர் ஆய்வுக்கு உட்பட்டே அச்சேறும். 1890 திசம்பரில் அவ்விதழில் வாரன், பிராண்டைசு என்னும் வழக்கறிஞர் இருவர் தனிமறைவுரிமை பற்றி ஒரு கட்டுரை வரைந்தனர். 127 ஆண்டுகள் கழித்து, 2017-இல், இந்திய உச்ச நயன்மன்றத்தின் நடுவர் ஒன்பதின்மர் தனிமறைவு அடிப்படை உரிமையே என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தபோது, அக்கட்டுரையும் அங்கே எடுத்தாளப்பட்டது. மாணவர் நடத்திய ஏட்டில் விழுந்த விதை கடல் கடந்து வந்து கனி தந்தது!

அவ்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் கறுப்பின மாணவர் சார்லசு ஆமில்டன் ஊசுட்டன். அவர் பின்னர் ஓவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிற்றினார். தம் மாணவர்களை ஆராய்ச்சியில் பழக்கினார். அவர்களுள் ஒருவரே தர்குட் மார்சல். கறுப்பினச் சிறுவரையும் வெள்ளையினச் சிறுவரையும் பிரித்து வைத்த பள்ளிமுறை சட்டத்திற்கு ஒவ்வாதென 1954-இல் தீர்ப்புப் பெற்ற வழக்கறிஞர்களின் தலைவர் அவரே. 1950-இல் மறைந்த ஊசுட்டன் அவ்வெற்றியைக் காணவில்லை. ஆயினும் அதற்கு அடிக்கல் நாட்டியவர் அவர். அடிமைப்பட்ட இனத்தின் மாணவனுக்கு ஆராய்ச்சி பொழுதுபோக்கன்று, படைக்கலம்.

தமிழகத்து நிலை யாது? சென்னைச் சட்டக்கல்லூரி தோன்றியது 1891-இல். சென்னைச் சட்ட இதழ் தோன்றியதும் அதே 1891-இல். இரண்டும் ஆங்கிலத்தில் பேசின. உயர்நயன்மன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு. குடியரசுத் தலைவர் இசைவோடு மாநில மொழியையும் ஆளுநர் ஆங்கே வழங்கச் செய்யலாம் என்பதும் அதே பிரிவே. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நயன்மன்றங்களில் இந்தி ஏறிவிட்டது. தமிழுக்கு அவ்வுரிமை வேண்டித் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது, நடுவணரசு இசையவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் திறக்கவில்லை? இது கேட்டேயாக வேண்டிய கேள்வி.

எனினும் மற்றொரு கேள்வியும் உண்டு. கதவு நாளையே திறக்குமாயின், உள்ளே எடுத்துச் செல்லத் தமிழில் எத்துணைச் சட்ட ஆய்வுகள் அணியமாக உள்ளன? தமிழில் சட்டக் கருத்து அடங்காது என்பார்க்கு வாய்ச்சொல் விடையாகாது. எழுதிய ஏடே விடையாகும்.

மாயூரம் வேதநாயகர் அந்நாளிலேயே வழி காட்டினார். 1805 முதல் 1861 வரை பிறந்த மேல்மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் தந்தார். அரசு ஊதியம் பெற்ற முன்சீபு ஒருவர் தனியராய்ச் செய்த பணி அது. மாணவர் நூற்றுவர் கூடினால் இயலாதோ?

ஆய்வுக்குப் பொருளும் குறைவில்லை. சேக்கிழார் காட்டும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை எண்ணுக. படியோலை கிழிக்கப்படுகிறது, மூலவோலை அவையில் நீட்டப்படுகிறது, பாட்டன் கையெழுத்து, அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கப்படுகிறது. மூல ஆவணம், படியாவணம், கையெழுத்து ஒப்பீடு ஆகிய மூன்றும் 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் இருந்தன. 2024 சூலையில் அதனிடத்தைப் பிடித்த புதுச் சட்டத்திலும் உள்ளன. இவற்றை ஒப்பிட்டு ஒரு மாணவர் எழுதின், அது புலவர்க்கும் விருந்து, வழக்கறிஞர்க்கும் மருந்து. ஒற்றி, பிணை, ஆவணம், கரி, தீர்ப்பு முதலிய சொற்கள் இருக்கச் சொற்பஞ்சம் எங்கே?

இளந்தோழர்களே! கல்லூரிதோறும் பத்துப் பேர் கூடுக. திங்கட்கு ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்க. வழக்கின் நிகழ்ச்சி, எழுந்த வினா, நடுவர் கூறிய கரணியம், அதில் காணும் குறை என நான்கு பகுதியாக எழுதுக. ஒருவர் எழுதியதை இருவர் மூலத்தோடு ஒத்துப் பார்க்க. சான்றில்லாத வரியை, அது தமிழுணர்ச்சி ததும்பும் வரியேயாயினும், அடித்துவிடுக. உணர்ச்சி மட்டும் மிக்க ஏட்டை எதிரி எளிதில் தள்ளுவான். சான்று நிறைந்த ஏட்டை அவனும் படித்தே தீரவேண்டும்.

நிலம் இழந்த உழவன் தன் வழக்கின் தீர்ப்பைத் தானே படித்துணர இயலாத நாட்டில் நயன்மை பாதியே வழங்கப்படுகிறது. மறுபாதி மாணவர் எழுதுகோலில் காத்திருக்கிறது. எழுதுக! தமிழில் எழுதுக! பிழையற எழுதுக!