கட்டடத் தொழிற்சொற்களும் சித்தாளும்



கலைச்சொல் என்றதும் அறிஞர் குழு கூடி ஆக்கித் தந்த சொற்களே பலர்க்கும் நினைவில் எழுகின்றன. கட்டடம் எழும் இடத்தில் வழங்கும் சொற்களை ஆக்கியவர் எவரெனத் தெரியாது. ஆயினும் அவை குறி தவறுவதில்லை. சுவரின் நேர்நிலை பார்க்கத் தூக்குக்குண்டு, கிடைநிலை பார்க்க இரசமட்டம், மூலை பார்க்க மூலைமட்டம். தென்மாவட்டத்தார் பலர் கடைக்கால் பள்ளத்தை 'வானம்' என்பர். மண்ணைக் குழிப்பதற்கு 'வானம் தோண்டுதல்' என்று பெயர் கேட்கும் கவிஞர் சற்றே பொறாமை கொள்ளலாம். மேஸ்திரியும் சன்னலும் போர்த்துக்கீசியர் வழி வந்த சொற்கள். அவையும் வீட்டோடு ஒன்றிவிட்டன.

பேச்சு வழக்கும் இங்கே கடன்பட்டிருக்கிறது. 'நூல் பிடித்தாற்போல' என்பதிலுள்ள நூல், செங்கல் வரிக்குக் கட்டும் நூல். 'மட்டம்' என்பதன் கதை வேடிக்கையானது. கொத்தனாருக்குச் செங்கல் வரி மட்டமாக அமைதல் பெருமை. கடைத்தெருவிலோ மட்டமான பொருளை எவரும் வாங்கார்!

கருவிப் பெயர்களை விட்டு ஆட்பெயர்களுக்கு வந்தால் வேடிக்கை குறைகிறது. சிறுமை, ஆள் என்னும் இரண்டும் சேர்ந்து சிற்றாள். அதுவே பேச்சில் சித்தாள். பெரும்பாலும் பெண்ணைக் குறிக்கும் சொல் இது. சும்மாட்டின்மேல் சாந்துச் சட்டியேற்றிச் சாரத்தடிக்குக் கொண்டு சேர்ப்பவள் அவள், மணல் சலிப்பவள், பூசிய சுவர் வெடிப்பு விடாதிருக்க நாள்தோறும் நீர் விடுபவள். ஒரு சட்டி சிமெண்டுக்கு ஐந்து சட்டி மணல் என்பது ஏட்டிலுள்ள கணக்கு. அன்றைய மணலின் ஈரத்துக்கேற்ப நீரை எவ்வளவு குறைப்பது என்பது அவள் கையிலுள்ள கணக்கு. முப்பது ஆண்டுகள் கலவை குழைத்த பின்னும் அவள் சிற்றாளே. அவளுக்குப் பின் வேலைக்கு வந்த இளைஞனோ கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான்.

கொத்தன் என்னும் ஆண்பாற் பெயரோடு 'ஆர்' என்னும் மதிப்பு விகுதி சேர்ந்தது கொத்தனார். குயவனுக்குக் குயத்தி உண்டு. இடையனுக்கு இடைச்சி உண்டு. கொத்தனுக்கு வழக்கில் பெண்பாற் சொல் இல்லை. கரணையே கைக்கு வராதபோது சொல் எங்கிருந்து வரும்? கேரளத்தில் 1990களில் பெண்கள் சிலர் கொத்துவேலை பயின்று வீடுகள் கட்டினர். அத்தகையோரைத் தமிழில் 'பெண் கொத்தனார்' என்று அடைமொழி கூட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

ஒரே தன்மையான வேலைக்கு ஆண், பெண் இருவர்க்கும் ஒரே ஊதியம் என்றது 1976ஆம் ஆண்டுச் சட்டம். கட்டட வேலையிலோ உதவியாள் ஆணாயின் பெரியாள், பெண்ணாயின் சித்தாள். இருவரும் சுமப்பது ஒரே மண்தான். பெயர் இரண்டாகவே வேலையும் வேறென்று சொல்லிவிட முடிகிறது, கூலியும் இரண்டாகிறது.

உழைப்பைப் பாடும் கவிதைகளில் சித்தாள் நிறையவே வருகிறாள். அவள் தலையில் செங்கல் இருக்கும். மரக்கிளைத் தூளியில் குழந்தை இருக்கும். அவள் கையில் கரணையைக் கொடுத்த கவிதை அரிது.