தாத்தா எந்தத் தோட்டம்?

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் ஓர் இளைஞரிடம் "உங்கள் தாத்தா எங்கிருந்து வந்தவர்?" என்று கேட்டால், "தமிழ்நாடு" என்பார். எந்த ஊர் என்றால் அப்பாவைப் பார்ப்பார். அப்பா பெரியம்மாவைக் கைகாட்டுவார். பெரியம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அவரும் போய்விட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

இத்தனைக்கும் நம்மவர்களின் உழைப்பு வரலாறு இந்த மண்ணில் மிகப் பழையது. செபராங் பிறைக்கு அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று பெயர். ரப்பர் வருவதற்கு முன்பே இங்கே கரும்பு. பத்து காவான், கலிடோனியா, வால்டோர், பைராம் எல்லாம் அப்போது கரும்புத் தோட்டங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் வெட்டிய கரும்பு அது. 1910-இல் ஒப்பந்த முறையில் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. ரப்பர் பெருகியபோது கங்காணி முறை மேலோங்கியது. 1938-இல் இந்திய அரசு அதற்கும் தடை போட்டது.

இந்த ஆண்டுகள் பரீட்சைக்கு மட்டும் உரியவை அல்ல. தாத்தா எந்த முறையில் வந்தார் என்று தெரிந்தால் பாதி வழி தெரிந்துவிடும். கங்காணி பெரும்பாலும் தம் ஊர், பக்கத்து ஊர், சொந்தபந்தம் என்றுதான் ஆள் கொண்டு வந்தார். ஆகவே தாத்தாவின் ஊர் மறந்துபோனாலும், பெரிய கங்காணியின் ஊர் யாருக்காவது நினைவிருக்கும். குலதெய்வத்தின் பெயரும் அப்படித்தான். தோட்டத்துக் கோயிலில் எந்தச் சாமியை வைத்தார்கள் என்பதே ஒரு தடயம்.

பலர் நேரே தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார்கள். போகட்டும். ஆனால் அங்குள்ள பழைய தொழிலாளர் இலாகா அறிக்கைகளில் இருப்பது பெரும்பாலும் தலைக்கணக்கு. இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள், பெயர் இருக்காது. பெயர் வீட்டில்தான் இருக்கிறது. ரஜூலா கப்பலில் வந்த பாஸ்போர்ட், சிவப்பு அடையாளக் கார்டு, 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் தாள், தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, இடுகாட்டுக் கல்லறை. தகரப் பெட்டியை முதலில் திறக்க வேண்டும்.

திறந்தால் குழப்பமும் வரும். முனியாண்டி என்ற பெயரை ஒரு கிராணி ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு முடித்திருப்பார், இன்னொருவர் 'ஒய்' போட்டிருப்பார். அண்ணன் தம்பி இருவருக்கும் தகப்பன் பெயர் இரண்டு விதமாக இருக்கும். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. பிறப்புப் பத்திரமோ நீல அடையாளக் கார்டோ இல்லாமல் நம்மில் இன்னும் பலர் இருக்கிறார்கள். 2011-இல் 'மைடஃப்தார்' பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்ததே இதனால்தான். பெற்றோர் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று காட்ட ஒரு தாள் கிடைத்தால், பதிவு இலாகாவின் முகப்பில் பேச்சே மாறும்.

பாட்டிமார்களின் நிலை இன்னும் மோசம். அவர்களும் விடியுமுன் பிரட்டுக்கு நின்றவர்கள், பால்மரம் வெட்டியவர்கள். ஆனால் வீட்டில் கேட்டால் "இன்னார் பெண்சாதி" என்றுதான் சொல்கிறார்கள். சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களின் குடும்பங்களில் 1942-க்கும் 1945-க்கும் இடையே ஒரு வெற்றிடமே இருக்கிறது. போனவர் திரும்பவில்லை, நாள் தெரியாது, திதி தெரியாது.

பத்து காவானில் இன்று தொழிற்பேட்டை. 2014-இல் இரண்டாவது பாலம் திறந்தது. லயங்கள் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால், பெரியவர்களே சாலையை வைத்துக் குழம்புகிறார்கள்.

ஆகவே இந்த வாரமே கேளுங்கள். முதல் கேள்வியாக "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், "தெரியாதுப்பா" என்று பேச்சு முடிந்துவிடும். பிரட்டு எத்தனை மணிக்கு, பக்கத்து வீட்டில் யார், தண்டல் எந்த ஊர்க்காரர், தீமிதிக்கு எந்தத் தோட்டத்துக்குப் போவீர்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், பாட்டி இன்னும் நன்றாகவே பேசுவார்.