படித்த ஆண்டு வீணாகலாகாது
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் கையில் ஒரு சான்றிதழுடன் நம்மிடம் வந்தார். ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை முடித்தவர். "இதை முடித்தால் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம்" என்று சேர்க்கையின்போது வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் விண்ணப்பித்த பல்கலைக்கழகமோ அதை ஏற்கவில்லை. மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டிய நிலை. தாயாரின் நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணமும் ஓராண்டு உழைப்பும் கணக்கில் வராமல் போயின. அக்கல்லூரியில் சேரும் முன் நம்மிடம் துஆச் செய்யச் சொல்லி வந்தவர்தாம் அவர். துஆச் செய்தோம், ஆனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வருத்தமே இன்று நம்மைப் பேச வைக்கிறது.

கல்லூரிகளில் 'கிரெடிட்' என்கிறார்களே, அது என்ன? ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேரம் நடக்கும் பாடத்திற்கு ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. இதை ஓரிடத்தில் ஈட்டி மற்றோரிடத்தில் சேர்த்துக்கொள்ள, பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டில் கிரெடிட் வங்கி முறையைக் கொண்டுவந்தது. கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டுகள் செல்லும். ஆயினும் பட்டம் வழங்கும் கல்வி நிலையத்திலேயே குறைந்தது பாதியையாவது ஈட்டியாக வேண்டும். அவ்வங்கியில் பதிவு பெறாத நிலையத்தில் படித்தது அதில் ஏறாது.

இதில் மறக்கக் கூடாத ஒன்றுண்டு: கொடுக்கும் கல்லூரியன்று, ஏற்கும் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. நாம் ஓர் அரபுக் கல்லூரியிலிருந்து மற்றொன்றிற்கு மாறிச் சென்றபோது, அங்கிருந்த ஹள்ரத் அவர்கள் கிதாபைக் கொடுத்து வாசிக்கச் சொன்ன பின்னரே எந்த ஜும்ராவில் அமர்வது என்று தீர்மானித்தார்கள். முன்னிருந்த மதரஸாவின் சொல் மட்டும் போதவில்லை. இங்கும் அவ்வாறே.

ஆனால் உறுதியாகத் திறந்திருக்கும் வாசலும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதற்கெனத் தமிழகத்தில் தனிக் கலந்தாய்வே நடத்தப்படுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: மேல்நிலைக் கல்வி 2, பொறியியல் 4, ஆக 6 ஆண்டுகள். பாலிடெக்னிக் 3, பொறியியல் 3, அதுவும் 6 ஆண்டுகளே. ஓராண்டும் வீணாவதில்லை, இடையில் வேலைக்குப் போக நேர்ந்தாலும் கையில் ஒரு பட்டயம் இருக்கும். 2007ஆம் ஆண்டில் தமிழக முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பயன்படுத்த, சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே பெற்றோர்களே, எப்படிப்பிலும் பிள்ளையைச் சேர்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்நிலையத்திற்கு அங்கீகாரம் அளித்தது யார்? இதை எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டப்படிப்பில், எத்தனை கிரெடிட்டாக ஏற்கிறது? அதை எழுத்து வடிவில் தருவீர்களா? பதிலை அந்தப் பல்கலைக்கழகத்திடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாகக் காத்து வையுங்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அவையே கேட்கப்படும்.

நிர்வாகத்தாருக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதத்தில், வெள்ளிதோறும் அஸருக்குப் பின் நம் ஊர்ப் பட்டதாரிகள் இருவரை மதரஸாக் கூடத்தில் அமர்த்துங்கள். வரும் பெற்றோரின் தாள்களை அவர்கள் படித்துச் சொல்லட்டும். நாமும் உடனிருப்போம். அந்த இளைஞர் இப்போது முதலாம் ஆண்டு மாணவராக, தம்மினும் இளையவர்களோடு அமர்ந்து மனந்தளராமல் படித்து வருகிறார். அடுத்த பிள்ளைக்கு அந்த நிலை வராதிருக்கட்டும். இனி துஆவோடு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்.

வஸ்ஸலாம்.