குறையுள்ள கார்

பழைய கார் ஒன்றை அன்பர்கள் போற்றுவது அதன் வேகத்துக்காக, அழகுக்காக என்றே எண்ணுகிறோம். கிழக்கு ஜெர்மனியின் ட்ராபாண்ட் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. 1957 முதல் 1991 வரை ஸ்விக்காவ் நகரில் 30 லட்சத்துக்கு மேல் உருவான கார் அது. அதன் மேற்கூடு பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது, எஞ்சினுக்கு இரண்டே சிலிண்டர், புகையோ மிகுதி. ஆயினும் அதைப் பெற மக்கள் 10 ஆண்டுக்கு மேலும் காத்திருந்தனர். பழுதுற்றால் பலர் தம் கையாலேயே செப்பனிட்டனர். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தபோது அதிலேறியே பலர் எல்லை கடந்தனர். மேனாட்டுக் கார்கள் கிடைத்ததும் அதைத் தெருவிலே கைவிட்டவர்களும் உண்டு. இன்று அதைத் தேடிப் பேணுவோர் காண்பது இயந்திரத்தை அன்று. ஒரு தலைமுறையின் பொறுமையையும் விடுதலையையும். பொருளின் பெருமை, அதனோடு மனிதர் வாழ்ந்த வாழ்விலே பிறப்பதன்றோ?