‘மாட்டு டாக்டர்’ ஆகும் வழி

(வல்லத்திராக்கோட்டையில் ஆசிரியர்களிடையே கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்வி வழிகாட்டல் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். எல்லாப் படிப்புகளையும் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் படித்த படிப்பையும் செய்கிற தொழிலையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வல்லத்திராக்கோட்டையைச் சுற்றி ஆடு மாடு இல்லாத தெரு கிடையாது. காளையின் திமிலையும் நடையையும் பார்த்துத் தரம் சொல்லும் பையன் உங்கள் எட்டாம் வகுப்பில் இருப்பான். மடியைப் பார்த்தே ‘இன்று ராத்திரி குட்டி போட்டுவிடும்’ என்று சொல்லும் சிறுமியும் இருப்பாள். என்ன படிக்கப் போகிறாய் என்று அவர்களைக் கேட்டால் டாக்டர், கலெக்டர், போலீஸ் என்பார்கள். கால்நடை மருத்துவம் என்று ஒரு பிள்ளை சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். “மாட்டு டாக்டரா?” என்கிறார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேர் அடங்கிப் போகிறார்கள்.

மீதிப் பேரைத் தடுப்பது தவறான தகவல். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கால்நடை மருத்துவத்துக்கும் நீட் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில இடங்களுக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே போதும். அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டு இடங்களுக்குத்தான் நீட். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இந்த இரண்டும் தெரியாமல் விண்ணப்பமே போடாத பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நல்ல மதிப்பெண் இருக்கும். கலந்தாய்வு முடிந்த பிறகு அப்பாவோடு வந்து நிற்பார்கள். அப்போது நான் என்ன செய்ய முடியும்?

ஆனால் கதவு அதற்கு முன்பே, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே மூடிவிடலாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் வேண்டும். அல்லது தாவரவியலும் விலங்கியலும். கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்துவிட்ட பிள்ளை பிறகு ஆசைப்பட்டுப் பயனில்லை. நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது அறிவியல் ஆசிரியை ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து உயிரியல் பிரிவில் சேர்க்கச் சொன்னார். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. டீச்சர் சொன்னதால் ஒத்துக்கொண்டார்.

பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது. நாமக்கல் 1985இல் வந்தது. நமக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே, ஒரத்தநாட்டில், 2012 முதல் கல்லூரி இருக்கிறது. நான் பட்டம் முடித்து, கால்நடைகளின் சினை, பேறுகால மருத்துவத்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் படித்தேன். பிறகு தனியார் பண்ணைகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு ஊருக்கு வந்தேன். தென்னை விழுந்ததை எல்லோரும் பேசினார்கள். கொட்டகை சரிந்து மாடு போன வீடுகளில் யாரும் பேசவே இல்லை. தென்னை காய்க்கும் வரை பால் காசில்தான் குடும்பம் ஓட வேண்டும். அந்த மாடும் இல்லை. அடுத்த ஆண்டு ஆலங்குடி சாலையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன்.

சொந்தமாகத் தொழில் தொடங்குவதைப் பற்றி நம் பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஊசியைத் தொடக் கூடாது. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கக் குளிர்பெட்டி வேண்டும். மின்தடைக்கு இன்வெர்ட்டர் வேண்டும். சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்க வேண்டும். அந்தக் கொள்கலனை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கேன் கருவியை முதல் ஆண்டில் நான் வாங்கவில்லை. அதற்குக் கடன் வாங்கியிருந்தால் மூடிவிட்டுப் போயிருப்பேன்.

அரசு மருந்தகத்தில் இலவசமாகப் பார்க்கும்போது என்னிடம் ஏன் வர வேண்டும்? முதல் மாதங்களில் யாரும் வரவில்லை என்பதே உண்மை. பிறகு அரசு மருத்துவர்களே சிக்கலான பிரசவங்களை என்னிடம் அனுப்பினார்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போன் வந்தது. அவர்களோடு போட்டி போட்டிருந்தால் என் தொழில் நின்றிருக்காது.

ஒரு கறவை மாடு கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்டது. கழுத்தை விலாப் பக்கம் மடித்து வைத்திருந்தது. காது சில்லென்று இருந்தது. பார்க்க வந்தவர்கள் விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றி, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றது. மந்திரம் என்றார்கள். பால் சுரக்கத் தொடங்கியதும் இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். வேதியியல் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம். அந்த மாட்டுக்குப் பிறகுதான் ஊரில் என் பெயர் தெரிந்தது.

பணம் கேட்பது கடினம். ஓர் ஆட்டுக்கு அறுவை சிகிச்சை செய்தால் ஆட்டின் விலையைத் தாண்டிவிடும் என்றால், கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுவேன். “என்ன ஆனாலும் பாருங்க டாக்டரம்மா” என்று அழுகிற அப்பத்தாவிடமும் சொல்வேன். அவர் கடன்பட்ட பிறகு சொல்வதில் பொருளில்லை.

“பொம்பளப் புள்ள மாட்ட எப்படிப் பிடிக்கும்?” என்று இன்றும் கேட்கிறார்கள். மாட்டைப் பிடிப்பது கயிறும் மரச் சட்டமும். வால் அடியில் போடும் மரப்பு ஊசி முக்கலைக் குறைக்கும். மிச்சம் கையின் பழக்கம். ஆட்டுக்குட்டி கால் மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டால் சிறிய கைதான் உள்ளே போகும். அங்கே என் கை எனக்குச் சாதகம். நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் ஒருவரான சக்குபாய் ராமச்சந்திரன் 1952இலேயே சென்னைக் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டார். டாக்டர் முத்துலெட்சுமி பிறந்த புதுக்கோட்டைக்காரர்கள் நாம் இதற்குத் தயங்கலாமா? ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இரவு அழைப்புக்கு நான் தனியாகப் போவதில்லை. உதவியாளர் கூட வருவார். அந்தச் சம்பளமும் தொழில் செலவில் சேரும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், பாடப்பிரிவு எடுக்கும் முன், ஆர்வமுள்ள பிள்ளைகளை என் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை காலை வரட்டும். மூடிய காலணி போட்டு வரச் சொல்லுங்கள், சாணியில் வழுக்கும். வீட்டிலும் சொல்லிவிட்டு வரட்டும். பிரசவம் வந்துவிட்டால் மதியம் ஆகிவிடும்.