நனோ என்ற சொல்லும் இருபது கிராம் கணக்கும்

(நுகேகொடையில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, கொழும்பில் வேலை செய்யும் எமது பிள்ளைகளே!

இரவு பஸ்ஸில் மலையிலிருந்து வந்து இறங்கியவர்களும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலாளியிடம் லீவு கேட்டு வந்தவர்களும் இங்கே ஒன்றாக இருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம். தோட்டக் கமிட்டிகளிலிருந்து இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. துரை ஏதோ புதிதாகக் கொண்டுவரப் போகிறாராம். ஒரு தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெசின், இன்னொன்றில் மருந்தடிக்கும் ட்ரோன், வேறொன்றில் இலத்திரனியல் தராசு, போனில் பேர் போடும் முறை. இதை ஏற்பதா, எதிர்ப்பதா என்று கேட்கிறீர்கள்.

முதலில் கணக்குக் கேட்போம் என்பதுதான் எமது பதில். எந்தக் கணக்கு என்பதை 2021இல் நாட்டில் நடந்த ஒரு சங்கதியை வைத்துச் சொல்கிறோம். அதில் ஒரு பாதி இந்த நுகேகொடையோடு சம்பந்தப்பட்டது. வந்திருக்கும் பலருக்கு அது தெரிந்திருக்காது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் வர்த்தமானி மூலம் தடை செய்தது. தேயிலைக்கும் உரமில்லை, நெல்லுக்கும் உரமில்லை. பெரும்போகம் நெருங்கியபோது கமக்காரர்கள் வீதிக்கு இறங்கினார்கள். அப்போதுதான் இந்தியாவிலிருந்து ‘நனோ நைதரசன்’ என்ற திரவ உரம் வந்து சேர்ந்தது. இப்கோ என்ற பெரிய கூட்டுறவு நிறுவனத்தின் தயாரிப்பு அது. 2021 நவம்பர் 4ஆம் திகதி இந்திய விமானப் படையின் இரண்டு விமானங்கள் 100 தொன் உரத்தைக் கொண்டுவந்து இறக்கின. உரம் ஆகாயத்தில் வந்ததை அன்றுதான் பலர் பார்த்தோம்.

அந்த உரத்தைப் பற்றிச் சொன்னது இதுதான்: 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சமம். மூட்டை தூக்கி முதுகு உடைந்தவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?

இப்போது கணக்கைப் பாருங்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் வரும். அந்தப் போத்தலில் இருப்பது 4 வீதம். அரை லீற்றரில் 4 வீதம் என்றால் 20 கிராம். ஒரு பக்கம் இருபது கிலோ, மறுபக்கம் இருபது கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு.

மண்ணில் போடும் யூரியா மழையிலும் காற்றிலும் வீணாகிறது, எமது உரம் இலைக்குள் நேரே போகிறது என்று விற்றவர்கள் சொன்னார்கள். யூரியா வீணாவது உண்மைதான். பாதி வீணாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்துக் கிலோ மிஞ்சுகிறது. போத்தலில் இருப்பது ஒரு துளி சிந்தாமல் முழுவதும் இலைக்குள் போனாலும் இருபது கிராம்தான். இல்லாத நைதரசனை இலை எங்கிருந்து எடுக்கும்? பிறகு இந்தியாவிலேயே பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் அதை இரண்டு வருடம் வயலில் போட்டுப் பார்த்தது. வழக்கமான யூரியாவில் ஒரு பகுதியைக் குறைத்து அதற்குப் பதிலாக இந்த உரத்தைத் தெளித்த இடத்தில் நெல் விளைச்சல் 13 வீதமும் கோதுமை 21.6 வீதமும் குறைந்தன.

இந்தக் கணக்குக்குப் பட்டம் வேண்டியதில்லை. எங்கள் ஸ்டோரில் உரம் கலக்கிற ஆளிடம் போத்தலைக் கொடுத்து, லேபிளில் இருக்கும் இலக்கத்தை வாசித்துக் காட்டியிருந்தால் அவரே சொல்லியிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை.

நுகேகொடைக்கு வருவோம். இங்கே கங்கொடவிலையில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள இரசாயனவியல் பேராசிரியர் நில்வலா கோட்டேகொட, ஹோமாகமையில் இருக்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து பல வருடங்கள் ஒரே பிரச்சினையைக் குடைந்தார். அது எமக்கும் நன்றாகத் தெரிந்த பிரச்சினை. மலையில் உரம் போட்டுவிட்டு இறங்குகிறோம். இரவு மழை பிடிக்கிறது. காலையில் பார்த்தால் உரம் முழுக்க ஓடையில். யூரியாவை அப்படி ஓடவிடாமல் பிடித்து வைக்க என்ன வழி?

எலும்பிலும் பல்லிலும் இருக்கிற கல்சியப் பொருள் ஒன்று உண்டு. அதை மிக நுண்ணிய துகளாக்கி, ஒரு பங்கு துகளோடு ஆறு பங்கு யூரியாவைப் பிணைத்தார்கள். அந்த உரத்தில் 40 வீதம் நைதரசன் இருந்தது. வெறும் யூரியாவைவிட ஏறக்குறைய 12 மடங்கு மெதுவாகத்தான் அது நைதரசனை வெளியே விட்டது. நெல் வயலில் போட்டுப் பார்த்தார்கள். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் விளைச்சலைக் காப்பாற்ற முடிந்தது. 2017இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிழை பார்க்கலாம்.

அதுவும் நனோ, இதுவும் நனோ. ஒன்றில் 40 வீதம், மற்றதில் 4 வீதம். பெயர் ஒன்று, சரக்கு வேறு. இங்கே ஆய்வு செய்தவர்கள் சொன்னது, பாதி யூரியாவை மிச்சப்படுத்தலாம் என்பதுதான். மூட்டையே வேண்டாம், போத்தல் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. எமது அனுபவத்தில், இவ்வளவுதான் முடியும் என்று எல்லை போட்டுப் பேசுகிறவனின் பேச்சைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். ஆனால் நெல்லில் பலித்தது தேயிலையில் அப்படியே பலிக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. சரிவான மலையில், எமது மண்ணில், தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

புதியது எல்லாம் ஏமாற்று என்று நாம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்று நீங்கள் கொழுந்து எடுக்கும் வீ.பீ. தேயிலை ஒரு காலத்தில் புதிய தொழில்நுட்பம். தலவாக்கலை சென்கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நல்ல தாய்ச்செடிகளைத் தேர்ந்து, வெட்டுத் துண்டு நட்டு, வருடக்கணக்காகப் பார்த்த பிறகுதான் தோட்டங்களுக்குக் கொடுத்தது. உங்கள் தாத்தா பாட்டிமார் விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு நட்டது அதைத்தான். அது மெய்யான பலன் தந்தது. (அந்தப் பலனில் எங்கள் பங்கு என்ன ஆனது என்பது வேறு கதை. செடி கொடுத்த கொழுந்து கூடியது, துரை கேட்ட கிலோவும் கூடியது.)

அந்த ‘வேறு கதை’தான் எமக்கு முக்கியம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. உடனே பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று கேட்டார்கள். இரண்டு மாதத்தில் உரத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கினாலும் உர விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. செடி உடனே சாகவில்லை. 2021இல் நாட்டின் தேயிலை ஏறக்குறைய 299 மில்லியன் கிலோ. ஆனால் 2022இல் அது 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. மலையில் கொழுந்து இல்லை, ஆனால் கேட்கும் கிலோ குறையவில்லை. காலையிலிருந்து நின்று எடுத்தும் கிலோ சேராத தாய்மாருக்கு அரைப்பேர் விழுந்தது. உரம் வேண்டாம் என்று தீர்மானித்த எவருக்கும் அரைப்பேர் விழவில்லை.

இதிலிருந்துதான் சங்கத்தின் கோரிக்கை பிறக்கிறது. புதிய உரமோ, மருந்தோ, மெசினோ எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு மலையில் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கும் காலம் முழுவதும் அந்த மலையில் கிலோக் கட்டுப்பாடு இருக்கக்கூடாது. வேலைக்கு வந்தவருக்கு முழுப்பேர் போட வேண்டும். என்ன செலவானது, எவ்வளவு கொழுந்து வந்தது, பக்கத்து மலையில் எவ்வளவு வந்தது என்பதைத் தமிழில் எழுதி மடுவத்தில் ஒட்ட வேண்டும். பரீட்சை தோற்றால் நட்டம் கம்பனிக்கு. வென்றால் அந்த இலாபத்தில் எமது பங்கைப் பேச உட்கார வேண்டும். கொண்டுவந்த பொருளில் கம்பனிக்கே நம்பிக்கை இருந்தால் இதற்குச் சம்மதிப்பதில் என்ன கஷ்டம்?

இனி, நீங்கள் கேட்ட சாமான்களைப் பற்றி. தராசிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில்தான் உங்கள் காசு நேரே தொங்குகிறது. பழைய தொங்கு தராசில் முள் எங்கே நின்றது என்பது கணக்கப்பிள்ளையின் கண்ணைப் பொறுத்தது. சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்ததும் போக மிஞ்சியதுதான் உங்களுக்கு. இலத்திரனியல் தராசு ஒழுங்காக வந்தால் எமக்கு அது நல்லது. ஆனால் இலக்கம் அவர் பக்கம் மட்டும் தெரிந்தால் பழைய தராசுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இலக்கம் எடுப்பவர் பக்கமும் தெரிய வேண்டும். கொழுந்தை வைக்கும் முன் சைபர் காட்ட வேண்டும். கழிவு இருந்தால் அதையும் தனியாகக் காட்டி, ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். சண்டை போடாமலே விஷயம் வெளிச்சத்துக்கு வரும். தராசுகளைப் பரிசோதித்து முத்திரை குத்துவதற்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதைப் பார்க்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் ஹோமாகமைப் பக்கம்தான் இருக்கிறது. இங்கே ஹைலெவல் வீதியில் 138 பஸ் ஏறினால் போய்விடலாம். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளே, அம்மா போனில் சொல்லும் தராசு விஷயத்தை ஒரு கடிதமாக எழுதி அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது உங்களால் முடிந்த வேலை.

ட்ரோன் விஷயத்தில் நாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கப் போவதில்லை. முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து சரிவில் ஏறுகிறவரின் நெஞ்சுக்குள் போவது என்ன என்பதை அவர் வீட்டில் கேளுங்கள். அந்தச் சுமை இறங்குவது நல்லதுதான். ஆனால் அந்த வேலை செய்தவருக்கு அடுத்த நாள் என்ன வேலை, லயத்துக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் எவ்வளவு தூரத்தில் மருந்து அடிப்பார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

வெட்டு மெசினில் கிலோ கூடும், முற்றல் இலையும் கூடவே வரும். முற்றல் என்று சொல்லி மடுவத்தில் கழித்தால் மெசின் தந்த கிலோ மெசினோடேயே போய்விடும். கழிவை முன்கூட்டியே பேசி முடிக்காமல் மெசினைக் கையில் எடுக்க வேண்டாம்.

மேலே சொன்ன கோரிக்கைகளை ஒரு கடிதமாகத் தயாரித்திருக்கிறோம். தோட்டத்தின் பெயரும் மலை இலக்கமும் எழுத இடம் விட்டிருக்கிறது. கமிட்டித் தலைவர்களும் மாதர் அணித் தலைவிகளும் வாசலில் உள்ள மேசையில் இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைத் துரையிடம் கொடுத்து, மற்றதில் திகதியோடு கையெழுத்து வாங்கிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம். தராசு விஷயமாகப் பேச வந்த தாய்மார் முன்னுக்கு வாருங்கள்.